ஐட்லிங் இறங்காத கொரல்லா: திரொட்டில் பொடி வாங்குமுன் தேர்மோஸ்டட்டைப் பாருங்கள்

கேள்வி: மூன்று மாதத்துக்கு முன் கொழும்பில் ஒரு டொயோட்டா கொரல்லா 110 வாங்கினேன். 1997ஆம் ஆண்டு வண்டி, 5ஏ-எஃப்இ பெற்றோல் எஞ்சின். நான் இருப்பது நுவரெலியாவுக்குப் பக்கத்தில், குளிரான நானுஓயா. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஐட்லிங் (அக்சிலரேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் சுற்று) நிமிடத்துக்கு 1500இல் நிற்கிறது, அது சரி. ஆனால் அரை மணித்தியாலம் ஓடிய பிறகும் 1200க்குக் கீழே இறங்குவதில்லை. பெற்றோலும் கூடத்தான் குடிக்கிறது. கம்பளைக்கு இறங்கி வெயிலில், டிராஃபிக்கில் நின்றால் மட்டும் 800க்கு வருகிறது. சூட்டு ஊசி இங்கே கால்வாசி கூட ஏறாது. கராஜில் திரொட்டில் பொடியை (எஞ்சினுக்குக் காற்று விடும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். ரிகண்டிஷன் ஒன்றுக்குக் கொழும்பில் பார்ட்ஸ் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் 40,000 ரூபா கேட்கிறார்கள், திருப்பி எடுக்க மாட்டார்களாம். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கம்பளை எது, நானுஓயா எது என்று திரொட்டில் பொடிக்குத் தெரியாது. அது பழுதென்றால் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரித்தான் ரேஸ் (எஞ்சின் சுற்று) நிற்கும். ஊருக்கு ஊர் மாறுவது எஞ்சினின் சூடு. உங்கள் ஊசியும் அதைத்தான் காட்டுகிறது.

எஞ்சின் குளிராக இருக்கும் வரை கம்ப்யூட்டர் காற்றையும் பெற்றோலையும் கூட்டிக் கொடுக்கும். கூலண்ட் 80 பாகையை நெருங்க நெருங்கக் குறைத்து, 700–800க்குக் கொண்டுவரும். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வுதான் தேர்மோஸ்டட். அது இல்லாத எஞ்சினுக்கு உங்கள் ஊர்க் குளிரில் அந்தச் சூடு வருவதே இல்லை. சூடான வண்டிக்கு வைத்தியமாகத் தேர்மோஸ்டட்டைக் கழற்றி வீசுவது கொழும்புப் பக்கம் பழகிப்போன வேலை. அங்கே அது வெளியே தெரியாது, மலைக்கு வந்ததும் தெரிந்துவிடும். கம்பளைப் பாதையில் றம்பொடை இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கும்போது பெற்றோலே வெட்டுப்படுகிறது, எஞ்சினில் சூடு பிறக்காது. அந்த இடத்தில் ஊசி இன்னும் கீழே விழுந்தால் சந்தேகமே வேண்டாம்.

உறுதி செய்ய ஐந்து நிமிடம் போதும். இரவு முழுக்க நின்று ஆறிய எஞ்சினில் (சூடாக இருந்தால் மூடியைத் தொடவே வேண்டாம்) ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஸ்டார்ட் பண்ணி உள்ளே பாருங்கள். தண்ணீர் அசையாமல் கிடக்க வேண்டும். முதல் நிமிடத்திலேயே சலசலவென்று ஓடினால் தேர்மோஸ்டட் இல்லை, அல்லது திறந்தபடி இறுகிவிட்டது.

புதியது வாங்கும்போது உடம்பில் 82 என்று பொறித்ததைக் கேளுங்கள். 76.5 என்று ஒன்றும் கடையில் இருக்கும், மலைநாட்டுக்கு அது உதவாது. ரப்பர் வளையத்தையும் சேர்த்து வாங்குங்கள். பூட்டுமுன் நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியில் முட்டாமல் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். 80–84 பாகையில் வாய் திறக்க வேண்டும். முழுத் திறப்பைக் கம்பனிப் புத்தகம் 95 பாகையில் அளக்கச் சொல்லும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் 94க்குக் கிட்டவே கொதித்துவிடும் என்பதால் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். தேர்மோஸ்டட்டில் ஆடும் சின்ன ஊசி உள்ள பக்கம் மேலே வரும்படி பூட்ட வேண்டும், காற்று வெளியேறுவது அதன் வழியாகத்தான்.

கூலண்ட் ஐந்து, ஆறு லீற்றர் பிடிக்கும். வெறும் பைப் தண்ணீர் ஊற்றாதீர்கள், துரு போய் திரொட்டில் பொடிக்கு அடியில் உள்ள ஐட்லிங் வால்வின் தண்ணீர்ப் பாதையை அடைத்துவிடும். ஊற்றும்போது முகப்பு மேட்டைப் பார்க்க வண்டியை ஒரு சரிவில் நிறுத்தி (நானுஓயாவில் சரிவுக்கா பஞ்சம்?), ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. முன்னவர் ஏன் கழற்றினார் என்பது இன்னும் வண்டிக்குள்ளேயே இருக்கலாம். புதியது பூட்டிய பின் ஏற்றங்களில் ஊசி பாதியைத் தாண்டினால் ரேடியேட்டர் அடைப்பு, ஃபேன், மூடி மூன்றையும் பாருங்கள்.

ஊசி நடுவில் நின்றும் ரேஸ் இறங்கவில்லை என்றால் அடுத்தது கூலண்ட் சூட்டை அளக்கும் சென்சர். ஊசிக்கு ஒற்றை வயர் சென்சர், கம்ப்யூட்டருக்கு இரண்டு வயர் சென்சர், இரண்டும் வேறு வேறு. இரண்டு வயர் சென்சரின் பிளக்கைக் கழற்றி மல்டிமீற்றரை வையுங்கள்: 20 பாகையில் 2–3 கிலோ ஓம், 80 பாகையில் 200–400 ஓம். வயர் அறுந்திருந்தால், கோளாறுக் குறியீட்டை வாசிக்கும்போது செக் எஞ்சின் விளக்கு 22 என்று சிமிட்டிக் காட்டும். அளவு தவறிய சென்சர் எதையும் காட்டிக்கொடுக்காது, அதனால்தான் மீற்றர்.

அதுவும் சரியாக இருந்து 1500க்கு மேல் நின்றால், காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழைகிறது. முதலில் அக்சிலரேட்டர் கேபிள் இழுபட்டு நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு எயார் கிளீனர் ஹோஸைக் கழற்றினால் திரொட்டில் தகட்டுக்கு முன்னால் ஒரு சின்னத் துவாரம் தெரியும். எஞ்சின் ஓடும்போது அதை விரலால் பொத்துங்கள். ரேஸ் சட்டென்று விழுந்தால் காற்று ஐட்லிங் வால்வு வழியாக வருகிறது: கிளீனர் அடித்துக் கழுவி, புதிய கேஸ்கட் போடுங்கள். விழாவிட்டால் வேறு ஓட்டை. பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ் (எஞ்சின் உள்ளே சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள், மெனிஃபோல்ட் கேஸ்கட் ஓரத்தில் தண்ணீர் ஸ்பிரே அடியுங்கள். சூடான எஞ்சினில் பெற்றோல் தெளித்துச் சோதிக்கும் பாஸ்மாரிடம் (மெக்கானிக்குகளிடம்) வண்டியை விடாதீர்கள்.

திரொட்டில் தகட்டை நிறுத்தும் ஸ்க்ரூவை மட்டும் யாரையும் திருக விடாதீர்கள். அது ஐட்லிங் ஸ்க்ரூ அல்ல. எல்லாம் முடிந்ததும் ஈஎஃப்ஐ ஃபியூஸைக் கழற்றிக் கம்ப்யூட்டரின் பழைய நினைவை அழிக்க வேண்டும். பத்து விநாடி போதும் என்பார்கள். குளிர் கூடக் கூட நேரமும் கூடும், நீங்கள் ஓரிரு நிமிடம் விடுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் வேக்கும் மீற்றர் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டுவது) வைத்துப் பார்த்த பாஸ், 13 அங்குலம்தான் காட்டுகிறது, எஞ்சின் தேய்ந்துவிட்டது என்கிறார். ஐட்லிங்கில் நடுக்கம் இல்லை, எண்ணெயும் குறைவதில்லை.

பதில்: 18–20 அங்குலம் (பாதரச அளவு) என்பது கடல் மட்டக் கணக்கு. 300 மீற்றர் ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். நுவரெலியா 1868 மீற்றர், ஆகவே 12–14 அங்கே நல்ல அளவு. முள் ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். எஞ்சினைப் பிரிக்க விடாதீர்கள்.

கேள்வி: ஸ்பெயார் பார்ட்ஸ் கடை ஒன்றில் வாங்கிய ஐட்லிங் வால்வு வேலை செய்யவில்லை. பில்லும் தரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. இது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் உள்ளது. இப்போதாவது போய்க் கேளுங்கள். பாகத்தின் பெயர், நிலை, உத்தரவாத நாட்கள் எழுதியிருக்கட்டும். மறுத்தால் அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்டு, முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் அது போய்ச் சேர வேண்டும். பழைய வால்வைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.