‘சத்யா’ (1998): நிறைகளும் குறைகளும் – கேள்வி பதில்

ராம் கோபால் வர்மா இயக்கி 1998 ஜூலையில் வெளிவந்த ‘சத்யா’ என்ற இந்திப் படத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முடிவு உட்படக் கதை முழுவதையும் பேச வேண்டியிருப்பதால், படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது. இரண்டு நிமிடத் துணுக்குகளை மட்டும் பார்த்துவிட்டு இந்தப் படத்தைப் பற்றி முடிவுக்கு வராதீர்கள் என்றும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: கமல்ஹாசன் நடித்த ‘சத்யா’தான் இந்தியில் இப்படி எடுக்கப்பட்டதா?

இல்லை. அது 1988இல் வந்த வேறு படம். பெயர் மட்டுமே ஒன்று.

கேள்வி: இந்தப் படத்தின் பெரிய பலம் என்று எதைச் சொல்வீர்கள்? துப்பாக்கிச் சண்டைகளையா?

துப்பாக்கிகள் ஓய்ந்திருக்கும் நேரங்களைத்தான் சொல்வேன். சிறையிலிருந்து வெளியே வரும் பிக்கு மாத்ரே, மும்பைக்கு வரும் சத்யா சேர்ந்துகொள்ளும் கும்பலின் தலைவன், ஊரையே அஞ்சவைக்கும் ஆள், வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி பியாரியின் வசவுக்கு முன்னால் ஒரு சாதாரணக் கணவனாகிவிடுகிறான். இருவரும் சண்டை போடுவதும் அடுத்த கணமே சிரித்துக்கொள்வதும் நாம் பக்கத்து வீட்டில் பார்த்த காட்சியைப் போலவே இருக்கின்றன. மனோஜ் பாஜ்பாய்க்குத் துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அவருக்கு ஈடுகொடுத்து நின்ற சேஃபாலி ஷாவைப் பற்றி நாம் போதிய அளவு பேசவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

அனுராக் காஷ்யப்பும் சௌரப் சுக்லாவும் எழுதிய திரைக்கதையில், கும்பலைச் சேர்ந்தவர்கள் ஒருவரையொருவர் கேலி செய்துகொள்கிறார்கள், சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிறார்கள், அதே குரலிலேயே ஒருவனைத் தீர்த்துக்கட்டுவதைப் பற்றியும் பேசுகிறார்கள். கொலை அவர்களுக்குத் தொழில் என்பதை எந்த வசனமும் விளக்கத் தேவையில்லாமல் அந்தக் குரலே உணர்த்திவிடுகிறது. ஜெரார்ட் ஹூப்பர், மஸ்ஹர் கம்ரான் ஆகியோரின் ஒளிப்பதிவு மும்பையின் மழையையும் ஈரச் சுவர்களையும் குறுகிய மாடிப்படிகளையும் அழகுபடுத்தாமல் காட்டுவதால், இந்த மனிதர்கள் எங்கே வாழ்கிறார்கள் என்பதை நாம் ஒருபோதும் மறப்பதில்லை.

கேள்வி: இது தாவூத் இப்ராகிமின் கதையா?

இல்லை. மும்பைக்குள்ளேயே இயங்கும், நடுத்தர அளவிலான கும்பல் ஒன்றின் கற்பனைக் கதை இது. தாவூதும் அவருடைய கூட்டாளியாக இருந்த சோட்டா ராஜனும் பிரிந்த வரலாற்றின் சாயலை வர்மா 2002இல் எடுத்த ‘கம்பெனி’யில்தான் காணலாம்.

கேள்வி: பாறையின் மேல் நின்று, மும்பையின் ராஜா யார் என்று பிக்கு கடலைப் பார்த்துக் கத்தும் காட்சியைப் பார்த்தேன். ரௌடியை வீரனாக்கும் படம் என்றே தோன்றியது.

நான் முதலிலேயே எச்சரித்தது இதைத்தான். அந்தக் காட்சியைத் தனியாக வெட்டிப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரியாகவே படும். படத்தில் அது பகையாளி குரு நாராயணைக் கொன்ற பிறகு வருகிறது. அந்தக் கொலையைத் தடுத்துவைத்திருந்தவன் அரசியல்வாதி பாவு ஜாவ்லே. அவனுடைய சொல்லை மீறியதற்கான விலை பின்னால் வருகிறது. தேர்தலில் வென்ற பாவுவைக் கொண்டாடப் போன இடத்தில், நட்பாகப் பேசிக்கொண்டிருக்கும்போதே, பிக்கு சுட்டுக் கொல்லப்படுகிறான். கடைசி வசனம் பேசவோ திருப்பித் தாக்கவோ அவனுக்கு ஒரு நொடிகூடக் கொடுக்கப்படவில்லை. கடலைப் பார்த்து ராஜா என்று கத்தியவன் ஒரு வீட்டுக் கூடத்தில் கேட்பாரின்றிச் சாய்வதையும் சேர்த்துப் பார்த்தவர்கள் இதை வீர வழிபாடு என்று சொல்வதில்லை.

கேள்வி: சத்யாவுக்கு முன்கதையே இல்லையே. எங்கிருந்து வந்தான், ஏன் இப்படியானான் என்று தெரியாமல் அவனோடு எப்படி ஒன்றுவது?

இது நிறையா குறையா என்பதில் என் கருத்தே ஆண்டுகளோடு மாறியிருக்கிறது. ‘நாயகன்’ (1987) படத்தில் தந்தையைப் போலீசார் கொன்றதிலிருந்து கதை தொடங்குவதால், வேலு நாயக்கர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் நம் மனத்தில் ஒரு நியாயம் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. ‘சத்யா’ அந்த வசதியை நமக்குத் தர மறுக்கிறது. மாட்டுக்கொட்டகையில் தங்கியிருப்பவனிடம் மாமூல் கேட்டு வருகிற ரௌடி பக்யாவின் முகத்தைக் கிழிக்கும்போது சத்யாவின் முகத்தில் கோபம்கூடத் தெரிவதில்லை. அந்த வெறுமை அச்சமூட்டுகிறது. தெலுங்கு ‘சிவா’வின், அதாவது தமிழில் ‘உதயம்’ என்று வந்த படத்தின், மூலம் அறிமுகமான ஜே.டி. சக்கரவர்த்தி அந்த அமைதியை நன்றாகவே தாங்குகிறார்.

ஆனால் அதே வெறுமை காதல் காட்சிகளில் படத்தைக் கைவிடுகிறது. எதிர்வீட்டு வித்யா அவனிடம் எதைக் கண்டு மனம் கொடுத்தாள் என்ற கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. ஊர்மிளா மாதோண்ட்கரின் இயல்பான நடிப்பும் பாடல்களும்தான் அந்த இடைவெளியை மூடுகின்றன. பெயர் சத்யாவினுடையதாக இருக்க, படம் பிக்குவினுடையதாக ஆகிவிட்டதற்கும் இதுவே காரணம்.

கேள்வி: பிக்கு பாத்திரம் தாவூதைப் பார்த்து எழுதப்பட்டதுதானே?

மேலே பதில் சொல்லிவிட்டேன்.

கேள்வி: பாடல்கள் தேவையா?

விஷால் பரத்வாஜின் இசையும் குல்சாரின் வரிகளும் தம்மளவில் உயர்ந்தவை. தங்களில் ஒருவரான கல்லு மாமாவைக் கிண்டல் செய்தபடி கும்பல் குடித்துவிட்டு ஆடும் பாட்டு அவர்களுடைய நட்பைக் காட்டுவதால் கதைக்குள் நிற்கிறது. காதல் பாடல்கள் வேறொரு படத்திலிருந்து வந்தவை போல இருக்கின்றன. சந்தீப் சௌட்டாவின் பின்னணி இசை பல இடங்களில் அபாரம்; சில இடங்களில் தேவைக்கு மேல் ஓங்கி ஒலிக்கிறது.

கேள்வி: திரையரங்குக் காட்சியைப் பற்றி நீங்கள் சொல்லவே இல்லையே. சத்யா சுட்டதால் அத்தனை அப்பாவிகள் மிதிபட்டுச் சாகிறார்கள். அதன் பிறகும் அவனுக்காக நம்மை அழவைப்பது அயோக்கியத்தனம் இல்லையா?

படத்தின் மையமே அந்தக் காட்சிதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். சத்யாவும் வித்யாவும் ‘பார்டர்’ படம் பார்க்கப் போகிறார்கள். பக்யா அவனை அடையாளம் கண்டு போலீசுக்குச் சொல்ல, இன்ஸ்பெக்டர் கண்டீல்கர் ஒரு வாசலைத் தவிர மற்றவற்றை அடைத்துவிடுகிறார். அருகில் இருக்கும் வித்யாவுக்கு எதுவும் தெரியாது. அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்துவிடக் கூடாது என்ற ஒரே எண்ணத்தில் சத்யா தரையை நோக்கிச் சுடுகிறான். கூட்டம் சிதறி ஓடுகிறது. அவனுடைய காதல் முதல்முறையாகப் பிறர் உயிரை வாங்குவது இங்கேதான். அதுவரை அவன் கொன்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் அந்த உலகத்தோடு தொடர்புடையவர்கள் என்று நாம் நம்மைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தோம். அந்தச் சமாதானத்தைப் படம் வேண்டுமென்றே உடைக்கிறது.

கேள்வி (அதே வாசகர்): உடைத்துவிட்டு உடனே மறந்துவிடுகிறதே! அடுத்த காட்சியில் வித்யா செத்திருப்பாளோ என்றுதான் அவன் கலங்குகிறான். செத்தவர்களுக்காக இல்லை.

அவன் அப்படித்தான் கலங்குவான், அவன் அத்தகையவன். பாத்திரத்தின் குருட்டுத்தனத்தைப் படத்தின் குருட்டுத்தனமாகக் கொள்ளக் கூடாது. சத்யாவுக்காகச் சிந்தும் கண்ணீர் அவன் கொன்றவர்களுக்காகவும்தான் என்ற பொருளில் இயக்குநர் படத்தின் முடிவில் எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்.

கேள்வி (இன்னொருவர்): எழுத்தில் சொன்னால் போதுமா? நெரிசலில் இறந்தவர்களில் ஒருவருக்காவது முகமோ பெயரோ உண்டா? பிக்கு இறந்தால் பியாரியின் துயரம் நமக்குத் தெரிகிறது. அவர்களுக்கு அழ ஒரு ஆளும் இல்லை.

இதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படத்தில் ஒரு நிமிடமாவது அந்த நெரிசலில் பிள்ளையைத் தேடும் ஒரு தாய்க்குக் கொடுத்திருந்தால், அந்த இறுதி வாசகத்துக்கே தேவை இருந்திருக்காது. காட்டாததை எழுத்தால் ஈடுகட்ட முயன்றது குறைதான். ஆனாலும், முதலில் கேட்டவர் சொன்ன ‘அயோக்கியத்தனம்’ என்ற சொல்லை ஏற்க மாட்டேன். இறந்தவர்களைப் பற்றி நாம் இப்போது இவ்வளவு கோபத்தோடு பேசுவதே அந்தக் காட்சி நம்மை விட்டுப் போகவில்லை என்பதற்குச் சான்று.

கேள்வி: போலீசை எப்படிக் காட்டுகிறது?

இதில் எனக்குக் கடுமையான மனக்குறை உண்டு. 1997 ஆகஸ்டில் இசை நிறுவன அதிபர் குல்ஷன் குமார் அந்தேரியில் கோயில் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு மும்பையில் என்கவுன்டர்களுக்கு ஆதரவு பெருகியிருந்தது. படம் அந்த மனநிலையைக் கேள்வி கேட்காமல் உள்வாங்கிக்கொண்டது. சட்டத்தைப் பேசுகிறவராக முன்னால் நிற்பவர் கும்பலின் வக்கீல் முலே என்பதால், சட்டத்தைப் பேசுவதே குற்றவாளிக்குத் துணைபோவது போலத் தோன்றிவிடுகிறது. அதுபோலவே, 1982இல் தொடங்கிய ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு வேலையிழந்த குடும்பங்களின் பிள்ளைகள் கும்பல்களில் சேர்ந்ததும், 1993 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு கும்பல்கள் மத அடிப்படையில் பிளந்ததும் படத்தில் எங்கும் இல்லை. இந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய படம், எங்கிருந்து வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டது பெரிய இழப்பு.

கேள்வி: இந்தியில் வந்த முதல் யதார்த்தமான தாதா படம் இதுதானா?

இல்லை. விது வினோத் சோப்ராவின் ‘பரிந்தா’ 1989இலேயே வந்துவிட்டது.

கேள்வி: பாறைக் காட்சித் துணுக்கைப் பார்த்தேன்…

முழுப் படத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.

கேள்வி: எந்த இணையதளத்தில் தெளிவான பிரதி கிடைக்கும்?

அது எனக்குத் தெரிந்த துறை அன்று.

கேள்வி: வித்யாவுக்குப் படம் நியாயம் செய்ததா?

நல்ல கேள்வி. பாடகியாக விரும்பும் வித்யாவுக்கு வாய்ப்புக் கிடைப்பது, இசையமைப்பாளர் மிரட்டப்பட்டதால்தான். அவளுக்கு அது தெரியாது. தன் குரலுக்குக் கிடைத்த பரிசென்று மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சியைப் பார்க்கும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது, ஆனால் அவள் உண்மையை அறிந்த பிறகு தன் பாட்டைப் பற்றி என்ன நினைத்தாள் என்பதைப் படம் கேட்கவே இல்லை. முடிவில், கணபதி விசர்ஜனக் கூட்டத்தில் பாவுவைக் குத்திக் கொன்றுவிட்டுக் காயத்தோடு வரும் சத்யா அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவள் திறக்க மறுக்கிறாள். அவன் கதவை உடைத்து உள்ளே விழும் நேரத்தில் போலீஸ் குண்டு பாய்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது சத்யாவை விட்டுவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கும் அவளுடைய முகத்தை மட்டும் கவனியுங்கள்.