பட்டறையில் அடித்து வாங்கிய கத்தி கறுத்துவிட்டது, எப்படிப் பராமரிப்பது?

கொல்லுப்பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கிய காய்கறிக் கத்தி சில நாட்களிலேயே கறுத்துவிட்டதாகவும், அங்கங்கே துரு தெரிவதாகவும், அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முழுவதையும் தேய்க்க வேண்டாம். கறுப்பு வேறு, துரு வேறு. கறுப்பைக் காப்பாற்ற வேண்டும், துருவை உடனே நீக்க வேண்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் பெரும்பாலும் பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையை வெட்டி, உலையில் காய்ச்சி அடித்துத்தான் கத்தி செய்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்ல வேண்டுமானால் அதில் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது இருக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையில் அந்த அளவு கிடையாது. ஆகவே வாழைக்காயும் வாழைப்பூவும் நறுக்கும்போது அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. எலுமிச்சை, தக்காளி, வெங்காயம் ஆகியவையும் சாம்பலும் நீலமுமாகக் கறை விடுகின்றன. இந்தக் கறை நன்றாகப் படிந்த பிறகு கத்தி துருவுக்கு எளிதில் இடம் கொடுக்காது, காய்களில் இரும்பு வாடையும் குறைந்துவிடும். புளி போட்டுத் தேய்த்தால் அந்தப் படிவு முழுவதும் போய், பழையபடி வெற்று இரும்பாகிவிடும். செம்பழுப்பு நிறத்தில், விரலால் தொட்டால் பொடியாக ஒட்டிக்கொள்வதுதான் துரு. பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கில் சமையல் சோடாவைத் தொட்டு, துரு உள்ள இடத்தில் மட்டும் தேய்த்தால் போய்விடும்.

அன்றாடம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நறுக்கி முடித்தவுடன் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்து வைக்க வேண்டும். பாத்திரத் தொட்டியில் ஊறப் போடவே கூடாது. சில நாட்கள் பயன்படுத்தாமல் வைப்பதானால் தேங்காய் எண்ணெயை மெல்லிய பூச்சாகத் தடவிவையுங்கள். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுக்காக உறைந்துவிடுவதால் அதை நான் தவிர்க்கிறேன்.

கூர் மழுங்கும்போதுதான் பலர் நல்ல கத்தியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கொல்லர் காய்ச்சிய இரும்பைத் தோய்த்துத் துவைச்சல் போட்டு, அதாவது சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கி, பிறகு இளஞ்சூட்டில் பதப்படுத்தி, கடினமும் உறுதியும் ஒன்றையொன்று மீறாமல் நிறுத்தியிருக்கிறார். வேகமாகச் சுழலும் சாணைச் சக்கரத்தில் தண்ணீர் காட்டாமல் அழுத்திப் பிடித்தால், மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். நீலம் தெரிந்தால் அந்த இடம் ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டது என்று பொருள். பதம் இறங்கிய அந்த இடம் எத்தனை முறை தீட்டினாலும் விரைவிலேயே மழுங்கும். வீட்டிலேயே தீட்டுக்கல்லை நனைத்து, கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து 15 முதல் 20 டிகிரி தூக்கிப் பிடித்து, அந்தச் சாய்வு மாறாமல் தீட்டுங்கள். ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு திரளும். முதுகுப் பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கி விரலை மெதுவாக நகர்த்தினால் நகத்தில் தட்டுப்படும். அது நுனி முதல் அடி வரை வந்த பிறகே கத்தியைத் திருப்ப வேண்டும். கடைசியில் இரு பக்கமும் மாறி மாறி, அழுத்தமில்லாமல் இழுத்துப் பிசிறை நீக்கினால் போதும்.

மரப்பிடியையும் கவனியுங்கள். பூண் போட்ட பழைய முறைப் பிடிகளில் கத்தியின் வால் பகுதியை அரக்கு வைத்துப் பதித்திருப்பார்கள்; வெந்நீர் பட்டால் அரக்கு இளகிப் பிடி ஆடத் தொடங்கும். ஆடும் பிடியோடு நறுக்குவது ஆபத்து. செய்து கொடுத்த கொல்லரிடமே கொண்டுபோய், வாலை மட்டும் சூடாக்கிப் புது அரக்கில் இறக்கித் தரச் சொல்லுங்கள்; வாய்ப் பகுதிக்குச் சூடு ஏறாதபடி அதில் ஈரத் துணியைச் சுற்றிக்கொள்ளவும் சொல்லிவிடுங்கள்.