‘நல்ல நித்திரை’ என்று சொன்னால் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு 59 வயது, அம்மாவுக்கு 84. அவவுக்கு மறதி நோய், சீனி, பிரஷர் மூன்றும் உண்டு. என் கண்புரை ஒப்பரேஷனை இரண்டு தரம் தள்ளிப்போட்டுவிட்டேன். தம்பி கனடாவில். பத்து நாளைக்கு அம்மாவை ஒரு முதியோர் இல்லத்தில் விட்டால் சனம் என்ன கதைக்கும்? இடம் மாறினால் ஏங்கிச் செத்துப்போவார்கள் என்றும் நெட்டில் கிடக்கிறது. நித்திரைக்கு இரவில் ஒரு பிரிட்டோன் குளிசை கொடுக்கிறேன். செத்துப்போன அப்பாவைத் தேடுகிறா, மலம் இறுகுகிறது, பின்னேரத்தில் இரண்டு காலும் வீங்குகிறது. — கோப்பாய் வாசகி

பதில்: விடலாம். ஒப்பரேஷனை இனியும் தள்ளாதீர்கள். அது முடிந்து ஒன்றிரண்டு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது. அம்மாவை எழுப்பிக் குளிக்கவார்த்தால் மூன்றையும் ஒன்றாகச் செய்தது போலத்தான். சனத்தின் கதைக்கு என்னிடம் குளிசை இல்லை.

நெட்டில் வாசித்ததை விடுங்கள். புது இடத்தில் முதல் இரண்டு மூன்று நாள் தடுமாறுவா, வீட்டுக்குப் போகவேணும் என்று கேட்பா. அது வழமை. நான் பார்ப்பது வேறொன்றை. புது ஆட்கள் தண்ணீர் குறைவாகக் கொடுப்பார்கள், மலம் போகாததைக் கவனிக்கமாட்டார்கள், குளிசை மாறும், சலத்தில் கிருமி தொற்றும். இவற்றில் ஒன்று போதும், ஓரிரு நாளில், சிலவேளை சில மணித்தியாலத்திலேயே மூளை குழம்பிவிடும். இதை டெலீரியம் என்கிறோம். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல இறங்கும். இது திடீரென்று வரும், காலையில் ஒரு மாதிரி, பின்னேரம் வேறு மாதிரி இருக்கும்.

கத்திக் குழப்பினால் எவரும் உங்களுக்குப் போன் எடுப்பார்கள். தவறிப்போவது அமைதியாக வரும் டெலீரியம்தான். “அம்மா ஒரு கரைச்சலும் இல்லை, நல்ல நித்திரை” என்று போனில் சொன்னால் நிம்மதியாக வைத்துவிடாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறந்து முகம் பார்க்கிறாவா? காலைச் சாப்பாட்டைத் தானாக விழுங்கினாவா? கடைசியாக எப்போது சலம் போனது? பகலில் எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தாலோ, எட்டு மணித்தியாலமாகப் பம்பேர்ஸ் காய்ந்திருந்தாலோ, அன்றே வைத்தியசாலை. 1990 என்ற நம்பருக்கு எடுத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். அது வருமுன் சீனி பார்க்கும் மெஷின் இருந்தால் ஒரு சொட்டு இரத்தத்தில் பாருங்கள். 70க்குக் (mg/dL) கீழே என்றால், விழுங்கக்கூடியவராக இருந்தால் மட்டும் சீனித் தண்ணீர். அரை மயக்கத்தில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், சுவாசப்பைக்குள் போய்விடும். சாப்பாட்டைக் குறைத்தவருக்கு கிளிக்லசைட் போன்ற சீனிக் குளிசையை வழக்கம்போலக் கொடுத்தால் சீனி இப்படித்தான் இறங்கும். ஆகவே சாப்பிடாத நேரத்தில் அந்தக் குளிசையை என்ன செய்வதென்று உங்கள் கிளினிக்கில் கேட்டு முதலே எழுதி வாங்குங்கள்.

இனி அந்தப் பிரிட்டோன். தடிமலுக்கும் கடிக்கும் உள்ள மருந்தை நித்திரைக்குக் கொடுக்கச் சொன்னது யார்? முதியவர்களுக்கு அது வாயைக் காயவைக்கும், மலத்தை இறுக்கும், சலத்தை அடைக்கும், மூளையைக் குழப்பும், இரவில் எழுந்தால் விழுத்தும். உங்கள் கடிதத்தில் உள்ள மலச்சிக்கலில் ஒரு பங்கு அதனுடையதாக இருக்கலாம். இன்றிரவே நிறுத்துங்கள். ஆனால் கனடாவிலிருந்து யாராவது அனுப்பிய நித்திரைக் குளிசையும் தினமும் போகிறதென்றால் அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, பெட்டியோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

அப்பாவைத் தேடுவது மறதி நோயின் இயல்பு. “செத்துப்போனார்” என்று ஒவ்வொரு தரமும் திருத்தாதீர்கள், அவரைப் பற்றி ஒரு கதை கேளுங்கள். இரண்டு காலும் ஒரே அளவில் பின்னேரம் வீங்குவது நாள் முழுக்கக் காலைத் தொங்கவிட்டிருப்பதாலோ பிரஷர் குளிசையாலோ இருக்கலாம், அடுத்த கிளினிக்கில் சொன்னால் போதும். ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால், அல்லது மூச்சு வாங்கினால், காத்திருக்க வேண்டாம்.

இல்லமா, வீட்டுக்கு ஆளா? கைகாவலான ஒருவர் கிடைத்தால் மறதி நோய்க்காரருக்கு வீடுதான் சுகம், மலகூடத்துக்குப் போகும் வழி காலுக்குத் தெரியும். இல்லம் என்றால், குறுகிய காலத்துக்கு எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். நிரந்தரமாகத் தங்குவோரை மட்டும் எடுக்கும் இடங்கள் உண்டு. கட்டிட அழகைப் பார்த்து ஏமாறாமல், இரவில் விழித்திருப்பது யார், குளிசை கொடுப்பது யார் என்று விசாரியுங்கள்.

எங்கே என்றாலும் எடுத்த எடுப்பில் பத்து நாள் வேண்டாம். ஒப்பரேஷனுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஒரு பின்னேரம், பிறகு ஒரு முழுப் பகல், பிறகு ஓர் இரவு விட்டுப்பாருங்கள். குளிசைகளை உறையிலிருந்து கழற்றிப் போத்தலில் போடாதீர்கள், அட்டையோடும் கிளினிக் கொப்பியோடும் கொடுங்கள். கண்ணாடி, பல்செட், அவவின் தலையணை, பழைய போர்வை கூடப் போகட்டும். ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தப் பெயர் சொன்னால் திரும்புவா, புட்டு விக்குமா, சொதியில் குழைத்த இடியப்பம் இறங்குமா, எத்தனை மணிக்கு மலகூடம், எந்தக் காது கேட்கும். உங்கள் நம்பரோடு இன்னொருவரின் நம்பரையும் போடுங்கள். ஒப்பரேஷன் அன்று உங்கள் போன் நிற்கும்.