பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணிதப் பயிலரங்கு நடத்துவதால் உண்மையில் பயன் உண்டா? எப்படி நடத்த வேண்டும்?

உண்டு. ஆனால் நான் நடத்திய முதல் பயிலரங்கால் ஒருவருக்கும் ஒரு பயனும் இல்லை.

அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். ஒரு டிசம்பர் 22, ராமானுஜன் பிறந்தநாள். படத்துக்கு மாலை போட்டு, எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகள் நூற்றுச் சொச்சம் பேரை ஹாலில் உட்காரவைத்து, புரொஜெக்டரில், ராமானுஜன் சிறப்பித்துச் சொன்ன 1729 என்ற எண்ணின் கதையைச் சொன்னேன். "மனசுல ஒரு நம்பர் நினைச்சுக்கோங்க" வித்தைகளும் நாலைந்து காட்டினேன். கைதட்டலுக்குக் குறைவில்லை. வெளியே போகும்போது ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது காதில் விழுந்தது: "டீச்சருக்கு மேஜிக்லாம் தெரியுதுடா!"

அடுத்த தடவை ஹால் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஒரு சனிக்கிழமை, ஒரு வகுப்பறை, 27 பிள்ளைகள். பத்தாம் வகுப்பை அனுப்ப முடியாது, பொதுத்தேர்வு இருக்கிறது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தோம். எழுத, பழைய நாள்காட்டித் தாள்களின் பின்பக்கம். கால்குலேட்டர் கிடையாது.

கொடுத்த வேலை ஒன்றே ஒன்று. நான்கு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொள். நான்கும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கு, பிறகு திருப்பி அடுக்கு, கழி. வந்த விடைக்கும் அதையே செய். 3524 என்றால் 5432 − 2345 = 3087; 8730 − 0378 = 8352; 8532 − 2358 = 6174. அதற்கு மேல் எத்தனை முறை செய்தாலும் 6174தான். மகாராஷ்டிரத்தில் தேவ்லாலி என்ற ஊரில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேக்கர் 1949-இல் கண்டுபிடித்தது. இதை எதையும் நான் முன்கூட்டியே சொல்லவில்லை. "எனக்கும் 6174, உனக்குமா?" என்று அவர்களே கத்தத் தொடங்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு பெண் எழுந்து, "எனக்கு சைபர் வருது டீச்சர்" என்றாள். அவள் எடுத்த எண் 1000. ஒன்றைக் கழித்து 999, அதைத் திருப்பினாலும் 999, கழித்தால் பூஜ்ஜியம். "தப்பு, உட்காரு" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பழக்கதோஷம். அடக்கிக்கொண்டு அவள் கணக்கை அப்படியே கரும்பலகையில் எழுதச் சொன்னேன். "0999-னு எழுதினா 6174 வந்துரும்" என்றான் ஒருவன். "முன்னாடி சைபர் போட்டா அது ஏமாத்து வேலை" என்றாள் இவள். இருபது நிமிடம் சண்டை. இடமதிப்பைப் பற்றி இவ்வளவு ஆவேசமாகப் பிள்ளைகள் பேசி நான் பார்த்ததில்லை. கடைசியில் 'எப்போதும் நான்கு இடம்' என்று அவர்களே விதி போட்டார்கள்.

அடுத்துதான் அன்றைய உண்மையான கேள்வி: "எல்லா நம்பருக்கும் இப்படித்தான் வரும்னு எப்படிச் சொல்றது?" ஒன்பதாயிரம் எண்களை யார் போட்டுப் பார்ப்பது? ஒருவன் கவனித்தான்: 4321, 8765, 3524 மூன்றுக்கும் முதல் கழித்தலில் 3087 வருகிறது. கிளறிப் பார்த்ததில், அடுக்கிய எண்ணில் ஓர இலக்கங்கள் இரண்டின் வித்தியாசமும் நடு இலக்கங்கள் இரண்டின் வித்தியாசமும் தெரிந்தாலே போதும் என்று புரிந்தது. முதல் வித்தியாசம் 1 முதல் 9 வரை. இரண்டாவது அதைத் தாண்டாது. எண்ணிப் பார்த்தால் மொத்தம் 54 வகைதான். 27 பேர், ஆளுக்கு இரண்டு! நான் திட்டமிட்டதல்ல, ஆள்கணக்கு அப்படி வாய்த்தது. எல்லாமே 6174-இல் வந்து நின்றன, எதுவும் ஏழு கழித்தலைத் தாண்டவில்லை. இடையில் விடை 9-ஆல் வகுபடாவிட்டால் கழித்தலில் பிழை என்று கண்டுகொண்டு, ஒருவர் தாளை ஒருவர் திருத்தினார்கள். சாப்பாட்டு மணிக்குள், சின்னதோ பெரியதோ, ஒரு முழு நிரூபணம் அவர்கள் கையால் முடிந்தது.

நீங்கள் நடத்துவதாக இருந்தால்: முப்பது பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு கணக்கு போதும். உதவிக்கு வரும் ஆசிரியர்களிடம் விடை சொல்லக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். நம்மால் சும்மா இருக்க முடியாது என்பதுதான் பெரிய தொல்லை. பரிசு வேண்டாம். பரிசு என்றதுமே தாளைக் கையால் மறைத்துக்கொள்வார்கள், பேச்சு நின்றுவிடும்.

காகித மடிப்பும் நன்றாக எடுபடும். சுந்தர ராவ் இதற்கென்றே 1893-இல் சென்னையில் ஒரு நூல் வெளியிட்டார். ஏ4 தாளின் குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தின் மேல் படியும்படி ஒரு மூலையை 45 பாகையில் மடித்துப் பாருங்கள்: மடிப்புக் கோட்டின் நீளமும் தாளின் நீளமும் ஒன்றாக இருக்கும், அதாவது அகலத்தைப் போல √2 மடங்கு. √2 என்ன என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

மதிப்பெண் கூடியதா என்று கேட்காதீர்கள், நான் கணக்குப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை அந்த 1000 பெண் ஒரு நாள்காட்டித் தாளோடு வந்தாள். இரண்டு இலக்க எண்ணில் போட்டுப் பார்த்திருக்கிறாள்: 09, 81, 63, 27, 45, மறுபடி 09. "இது ஒரு எடத்துல நிக்கவே மாட்டேங்குது டீச்சர். ஏன்?"