‘விசுவசிக்கிறேன்’ என்று கல்யாணத்துக்காகச் சொல்லலாமா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். வயது 27. செம்பனை ஆலையில் வேலை. நான் விரும்பும் பெண் கத்தோலிக்கக் குடும்பம். அவருக்காக ஞாயிறு பூசைக்குப் பிறகு நடக்கும் ஞானஸ்நான வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு நடத்தும் வேதியர் என்ன கேட்டாலும் பதில் சொல்லிவிடுவேன். விசுவாசப் பிரமாணம் மனப்பாடம். ஆனால் உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. ஜெபத்தில் மற்றவர்கள் கண் கலங்கும்போது நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். மன்னிப்பைப் பற்றிய பாடத்தில் மட்டும் சித்தப்பா ஞாபகம் வந்தது. தோட்டத்தை விற்றபோது கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் சண்டை போட்டுப் பேச்சை விட்டவர். அவ்வளவுதான். ‘விசுவாசம் இல்லாமல் கேட்டால் ஒன்றும் உள்ளே போகாது’ என்கிறார் கூடப் படிக்கும் அண்ணன். அம்மா தினமும் மாரியம்மனுக்கு விளக்கேற்றுகிறவர். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. வரும் பாஸ்காவில் (ஈஸ்டர்) ஞானஸ்நானம். ‘விசுவசிக்கிறேன்’ என்று சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். சொல்லிவிடலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, கல்யாணத்துக்காகச் சொல்ல வேண்டாம். அதற்காக வகுப்பையும் விட்டுவிட வேண்டாம்.

அந்த அண்ணன் சொன்னது வேதத்தில் உள்ளதுதான். எபிரேயருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தைப் பாருங்கள். பாலைநிலத்தில் நடந்த இஸ்ரயேல் மக்கள் நல்ல செய்தியைக் காதால் கேட்டார்கள், ஆனால் நம்பிக்கையோடு கேட்காததால் அது அவர்களுக்குப் பயன்படவில்லை என்று வரும். கிறிஸ்தவப் போதனையில் பெரும்பகுதி வாக்குறுதி. உன்னை மன்னிக்கிறேன், உன்னைக் கைவிடமாட்டேன் என்று ஒருவர் சொல்கிறார். சொல்கிறவரை நம்பினால்தான் அந்த வாக்கு நமக்கு ஆகும். நம்பாதவருக்கு அது பரீட்சைக்குப் படித்த பாடம் மாதிரி நின்றுவிடும். இப்போது உங்களுக்கு அப்படித்தான் நிற்கிறது. அதை மறைக்காமல் எழுதியது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆனால் அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். விசுவாசத்தை முழுசாகச் சேர்த்துக்கொண்டுதான் வாசலுக்கு வர வேண்டும் என்று திருச்சபை கேட்பதில்லை. பெரியவர்களை ஞானஸ்நானத்துக்குத் தயார் செய்யும் முறையில், தொடக்கத்திலேயே ஒரு சடங்கு உண்டு. ‘திருச்சபையிடம் என்ன கேட்கிறீர்கள்?’ என்று ஃபாதர் கேட்பார். ‘விசுவாசம்’ என்பது பதில். அதைக் கேட்டு வாங்கத்தான் வந்திருக்கிறேன் என்று முதல் நாளே சபை முன்னால் சொல்லியாகிறது. மாற்கு நற்செய்தி ஒன்பதாம் அதிகாரத்தில், வலிப்பு வந்த பையனைக் கூட்டிவரும் தகப்பன் என்ன சொல்கிறார்? ‘நம்புகிறேன், என் நம்பிக்கையின்மை நீங்க உதவும்’ என்கிறார். இரண்டும் ஒரே மூச்சில். முதலில் போய் நம்பிக்கையைச் சரிசெய்துகொண்டு வா என்று இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் குணமானான்.

புனித அகுஸ்தினாரை வகுப்பில் சொல்லியிருப்பார்கள். மிலான் நகரில் பேச்சுக்கலை ஆசிரியராக இருந்தபோது, ஆயர் (பிஷப்) அம்புரோசின் மறையுரையைக் கேட்கப் போனார். விஷயத்துக்காகப் போகவில்லை, மனிதர் எப்படிப் பேசுகிறார் என்று பார்க்கப் போனார். பேச்சின் அழகோடு சேர்ந்து விஷயமும் மெல்ல உள்ளே இறங்கியது என்று அவரே பின்னால் எழுதினார். ஞானஸ்நானம் பெற்றது 387-ஆம் ஆண்டு பாஸ்கா இரவில், 32 வயதில். அவருடைய அம்மா மோனிக்கா அத்தனை வருஷமும் ஜெபித்துக்கொண்டிருந்தார். ஆனால் அம்மாவின் விசுவாசம் மகனுடைய விசுவாசமாகிவிடவில்லை. நீங்கள் விரும்பும் பெண்ணின் விசுவாசமும் அப்படித்தான். எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது அவருடையது.

கண்ணீர் வரவில்லை என்பதை விடுங்கள். சிலருக்குச் சட்டென்று அழுகை வரும், சிலருக்கு வராது. அதை வைத்து விசுவாசத்தை அளக்க வேண்டியதில்லை.

நான் நின்று படித்தது வேறு இடம். மன்னிப்புப் பாடத்தில் சித்தப்பா ஞாபகம் வந்தது, ‘அவ்வளவுதான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம். இது சின்ன விஷயமா? வேதியர் பொதுவாக நடத்திய பாடம், அந்த ஒரு நிமிஷம் உங்கள் வீட்டு விஷயமாக மாறியிருக்கிறது. உள்ளே ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் தேடிக்கொண்டிருந்தபோது, நடந்தது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனோடு மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாகு என்று மலைப்பொழிவில் இயேசு சொல்கிறார். உங்களுக்கும் நினைவுக்குத்தானே வந்தது?

போங்கள். சித்தப்பா வீட்டுக்கு ஒருதரம் போய்விட்டு வாருங்கள். பணக் கணக்கை எடுக்க வேண்டாம். அவர் முகம் கொடுக்காமல் போகலாம், சித்தி மட்டும் தண்ணீர் கொண்டுவந்து வைக்கலாம். பரவாயில்லை. கடவுளின் விருப்பப்படி செய்ய மனமுள்ளவனுக்கே இந்தப் போதனை கடவுளிடமிருந்து வந்ததா என்பது விளங்கும் என்று யோவான் நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. எவ்வளவு ஆழம் என்பதை, சொல்லிக் கொடுத்தவரை நம்பிக் கத்தியைப் பிடித்த பிறகுதான் அவர்கள் கை கற்றுக்கொண்டிருக்கும்.

அப்புறம் அந்தப் பாஸ்கா இரவு. விளக்குகளை அணைத்துவிட்டு, மெழுகுதிரிகளோடு தொடங்கும் வழிபாடு. தண்ணீர்த் தொட்டியருகே நிற்கிறவர்களிடம் பிதாவை விசுவசிக்கிறீரா, சுதனை விசுவசிக்கிறீரா, பரிசுத்த ஆவியை விசுவசிக்கிறீரா என்று கேட்பார்கள். பக்கத்தில் ஞானப்பெற்றோர் தோளில் கை வைத்திருப்பார்கள், ஆனால் பதிலை அவர்கள் சொல்ல முடியாது. தயங்கித் தயங்கி, ‘உதவும்’ என்ற மனதோடு சொன்னாலும் அது உண்மையான பதில்தான். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டதே என்பதற்காக ‘விசுவசிக்கிறேன்’ என்று சொன்னால், கடவுளை விடுங்கள், அந்தப் பெண்ணிடமே பொய் சொன்னதாகும். கல்யாண வாழ்க்கையை அதில் தொடங்காதீர்கள்.

கல்யாணத்துக்கு ஞானஸ்நானம் கட்டாயம் என்று யார் சொன்னது? நம் மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் இருவரும் ஒரே மதமாக இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. திருச்சபையிலும், ஞானஸ்நானம் பெறாதவரை ஒரு கத்தோலிக்கர் மணக்க ஆயரிடம் விதிவிலக்கு வாங்கலாம். தன் விசுவாசத்தைக் காத்துக்கொள்வதாகவும், பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகவும் பெண் வாக்குக் கொடுக்க வேண்டும்; அது உங்களுக்கும் தெரிவிக்கப்படும். நீங்கள் வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகள் விஷயத்தை இருவரும் இப்போதே உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இந்த ஞாயிறே ஃபாதரைத் தனியாகப் பாருங்கள், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். இன்னும் ஒரு வருஷம் ஆகட்டும் என்று அவர் சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெண் வீட்டில் முகம் சுளித்தால், காரணத்தை நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் விளக்கேற்றி முடித்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவர் கோபப்படுவார், அழுவார், கேள்வி கேட்பார். எதற்குப் பதில் தெரியவில்லையோ அதைத் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். தோட்டத்துப் பக்கம் சேதி சீக்கிரம் பரவும். அம்மா இதை அடுத்த வீட்டுக்காரர் வாயால் கேட்கும்படி விட்டுவிடாதீர்கள்.