வீட்டில் வேலை ஓடவில்லை. பக்கத்துக் காபிக் கடையில் போய் உட்கார்ந்தால் உண்மையிலேயே வேலை நடக்குமா?

நடக்கும். எந்த வேலையைக் கொண்டுபோகிறீர்கள் என்பதுதான் முக்கியம். நான் எழுத்து வேலை பார்க்கிறவள். வாரத்தில் சில நாட்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காபிக் கடைக்குப் போவது பல வருடப் பழக்கம். கிளம்புவதற்கு முன்பே அன்றைக்கு என்ன வேலை என்று முடிவு செய்துவிடுவேன். அங்கே போய் யோசித்துக்கொள்ளலாம் என்று போனால் மெயில் பார்ப்பதிலேயே காபி ஆறிவிடும்.

முதல் வரைவு எழுதுவது, புதுத் திட்டத்துக்கு யோசனைகளைக் கொட்டி வைப்பது போன்றவை அங்கே அருமையாக ஓடும். பிழை திருத்துவதையும் கணக்குச் சரிபார்ப்பதையும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வதே நல்லது. இதற்குக் காரணம் சத்தம். ரவி மேத்தா, ரூய் ஜூ, அமர் சீமா என்ற மூன்று ஆய்வாளர்கள் 2012இல் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். மக்கள் பேச்சு, வண்டிச் சத்தம், தூரத்துக் கட்டட வேலை எல்லாம் கலந்த ஒலியை வெவ்வேறு அளவில் ஓடவிட்டு, புதிதாக யோசிக்க வேண்டிய வேலைகளைக் கொடுத்தார்கள். சோதனையில் கலந்துகொண்டவர்கள் 50 டெசிபலில் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு) செய்ததைவிட 70 டெசிபலில் நன்றாகச் செய்தார்கள். 85 போனதும் சரிந்துவிட்டது. மிதமான சத்தம் கவனத்தைக் கொஞ்சம் கலைப்பதால் மனம் நுணுக்கத்தை விட்டு விலகி, பரந்த கோணத்தில் யோசிக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஓரளவு ஆள் நடமாட்டம் உள்ள கடையின் சத்தம் ஏறக்குறைய அந்த 70ஐ ஒட்டித்தான் இருக்கும். நுணுக்கம் தேவைப்படும் வேலை அங்கே ஏன் சொதப்புகிறது என்பதும் இதிலிருந்தே புரிகிறது.

அடுத்தது உட்காரும் இடம். பலரும் பிளக் பாயிண்ட் எங்கே என்று தேடி உட்காருவார்கள். நான் வீட்டிலேயே முழுக்க சார்ஜ் போட்டுக்கொண்டு போய், காதுக்குத் தோதான இடமாகப் பார்த்து உட்காருவேன். பத்துப் பேர் சேர்ந்து பேசும் இரைச்சல் தொந்தரவே செய்யாது. பக்கத்து மேஜையில் ஒருவர் போனில் பேசினால் போச்சு! பாதி உரையாடல் மட்டும் காதில் விழும்போது, மறுபாதி என்னவாக இருக்கும் என்று மூளை நம்மைக் கேட்காமலே ஊகிக்கத் தொடங்கிவிடும். முழு உரையாடலைவிட இந்த அரை உரையாடல்தான் கவனத்தை அதிகம் இழுக்கிறது என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. போன் பேசுகிறவர் வந்தால் தயங்காமல் இடம் மாறிவிடுங்கள். நமக்குப் போன் வந்தால் வெளியே போய்ப் பேசுவோம். காபிக் கொட்டை அரைக்கும் மெஷின் பக்கமும் வேண்டாம். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் நம் திரையை யாரும் பின்னாலிருந்து பார்க்க முடியாது. வங்கி வேலை இருந்தால் கடை வைஃபையை விட்டுவிட்டு உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் செய்யுங்கள்.

அப்புறம் காபி. குடித்த அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் காஃபின் உச்சத்துக்கு வரும். அதனால் முதல் அரை மணியில் கோப்புகளைத் திறந்து, பழையதைப் படித்துத் தயாராகிவிட்டு, கடினமான பகுதியை அதற்குப் பிறகு தொடுவேன். ஆளுக்கு ஆள் மாறினாலும், சராசரியாக ஐந்து மணி நேரம் கழித்தும் பாதி காஃபின் உடம்பில் இருக்கும். மாலை ஐந்து மணிக் காபி இரவு பத்து மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும் என்று அர்த்தம். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் காஃபின் வரை பொதுவாகப் பரவாயில்லை என்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு அதில் பாதிதான்.

இருந்தாலும் ஒரு கப்பை வைத்துக்கொண்டு அரை நாள் உட்காருவதை என்னால் ஏற்கவே முடியாது. சின்னக் கடைக்கு ஒவ்வொரு நாற்காலியும் வருமானம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதாவது வாங்குவேன். அது காபியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தனியாகப் போனால் நான்கு பேர் மேஜையைத் தொடமாட்டேன். கூட்டம் சேர்ந்து ஆட்கள் நிற்கத் தொடங்கினால், பாதி வாக்கியத்தில் இருந்தாலும் மூடிவைத்துக் கிளம்பிவிடுவேன்.

காபிக் கடையில் போய் என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. லண்டனில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் எட்வர்ட் லாயிட் நடத்திய காபிக் கடையில் கப்பல் முதலாளிகளும் வணிகர்களும் கூடி வேலை பார்த்தார்கள். லாயிட்ஸ் காப்பீட்டுச் சந்தை அங்கிருந்துதான் வளர்ந்தது. அந்தக் காலத்திலிருந்தே மேஜையும் காபியும் தொழிலுக்குத் துணையாக இருந்திருக்கின்றன.

முதல் முறை போகும்போது கடைக்காரரிடமே, "எந்த நேரத்தில் கூட்டம் குறைவு? லேப்டாப் வைத்து வேலை செய்யலாமா?" என்று கேட்டுவிடுங்கள். நேரடியாகக் கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகச் சொல்வார்கள். அந்த நேரத்துக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள்.