25 வாரத்தில் பிறந்த குழந்தையை வென்டிலேட்டரில் வைத்துக் காப்பாற்றுவது சரியா?

அண்ணன் குழந்தை 25 வாரத்தில், 700 கிராமில் பிறந்திருக்கிறது, இப்படி இழுத்துப் பிடிப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. அண்ணனோ அண்ணியோ கேட்கவில்லை, நீங்கள் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் கொழுந்தனார்தான் முதலில் கேட்டார். பில் கவுன்டரில் நின்றவர் அவர், அதனால் குறை சொல்ல மாட்டேன்.

என் மகள் 26 வாரம், 810 கிராம். இப்போது ஐந்தாம் வகுப்பு. சோடாபுட்டிக் கண்ணாடி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பாள், கணக்கு சுத்தமாக வராது, வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும்.

"பிழைச்ச பிள்ளையோட அம்மா அப்படித்தான் பேசுவாங்க" என்று கமென்ட் போட வருகிறவர்களுக்கு: பக்கத்து வார்மரில், அதாவது சூடு கொடுக்கும் தொட்டிலில், இருந்த குழந்தை பிழைக்கவில்லை, அதையும் பார்த்தவள்தான் நான். மூளையில் பெரிய ரத்தக்கசிவு என்று ஸ்கேனில் வந்தபிறகு போதும் என்று சொல்லும் பெற்றவர்களை நான் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன்.

பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 1995-ல் 26 வாரம் முடியும் முன்பே பிறந்த குழந்தைகளை எபிக்யூர் என்ற ஆய்வில் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பிழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டரை வயதில் ஏதோ ஒரு குறைபாடு, கால்வாசிப் பேருக்குக் கடுமையாக. டாக்டர் இதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், "மீதிப் பாதி சார்?" என்றார்.

உள்ளே இருக்கும்போது இந்தக் கணக்கெல்லாம் மண்டையில் ஏறாது. பம்ப் வைத்து எடுத்த பால், சிரிஞ்சில் ஒன்றிரண்டு மில்லி, மூக்கு ட்யூப் வழியாகத் தானாக இறங்கும்வரை நர்ஸ் உயரே பிடித்துக்கொண்டு நிற்பார். அடுத்த வேளைக்கு முன்னால் வயிற்றிலிருந்து உறிஞ்சிப் பார்ப்பார்கள். பச்சை நிறத்தில் வந்தால் பால் நிறுத்தம். எனக்கு அப்போது உலகத்தில் இருந்த ஒரே கேள்வி, "சிஸ்டர், பச்சையா?"

நியாயம் அநியாயம் பேசுவதென்றால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு நடப்பதைப் பேசுங்கள். 1996-ல் சென்னை அரசு மருத்துவமனையில் 29 வாரத்தில், 1,250 கிராமில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. உயிரைக் காப்பாற்றினார்கள், குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரைக் கோளாறு இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லாமல் அனுப்பிவிட்டார்கள். பார்வை போய்விட்டது. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஏறக்குறைய 1.8 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. உங்கள் அண்ணன் குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே கண் பார்க்க வேண்டும். யார் பார்ப்பார்கள், என்றைக்கு என்று இப்போதே கேட்டு வையுங்கள். காது டெஸ்ட்டும் அப்படியே.

இன்ஷூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் படியுங்கள். பிறந்து 90 நாள் ஆன பிறகுதான் குழந்தை எங்கள் பாலிசிக்குள் வருமாம்! அந்த 90 நாளில்தானே அத்தனை பில்லும்? அப்புறம் என் ஆபீஸ். 26 வார லீவில் பாதி ஐசியூ வாசல் நாற்காலியிலேயே போய்விட்டது. வீட்டுக்கு வந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னும் கொஞ்சம் லீவ் கேட்டால், "பேபி பிறந்து மூணு மாசம் ஆச்சே மேடம்" என்றது ஹெச்.ஆர். அதைப் பற்றி யாராவது தனியாகக் கேளுங்கள், நிறைய எழுத வேண்டியிருக்கிறது.